சங்கடமான கேள்விகளைக் கேட்கட்டுமே!



அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்று ஓர் ஊர். ஃபோர்டு கார் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். அங்கே ஃபோர்ட்சன் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் டீமுக்குப் பெரிய பெயர். (நம் ஊர் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது!) 2010-ல் ரமலான் மாதம் ஆகஸ்ட் வெயிலில் வந்து சேர்ந்தது. டீமில் பெரும்பாலான பையன்கள் அரபு வம்சாவளி முஸ்லிம்கள். விடிவதற்கு முன் தொடங்கி சூரியன் மறையும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சீசனோ தொடங்கப்போகிறது. பயிற்சியைத் தள்ளிப்போட முடியாது.

என்ன செய்தார்கள் தெரியுமா? ராத்திரி 11 மணிக்கு மைதானத்தில் விளக்கைப் போட்டார்கள். விடியற்காலை 4 மணிவரை பயிற்சி. நடுவில் வயிறாரத் தண்ணீர். நோன்பும் கெடவில்லை, ஆட்டமும் கெடவில்லை. கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் உயிராக நினைக்கும் விளையாட்டு, அரபுக் குடும்பங்கள் உயிராக நினைக்கும் நோன்பு. இரண்டும் ஒரே மைதானத்தில். இந்த டீமின் நோன்பையும் ஆட்டத்தையும் பற்றி மறு வருடம் ஓர் ஆவணப் படமும் வந்தது.

'அட, எவ்வளவு நல்ல ஊர்!' என்று தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

இதே டியர்போர்னில் 1985-ல் மேயர் தேர்தல் நடந்தது. ஒரு வேட்பாளர் வீடு வீடாக அனுப்பிய பிரசுரத்தில், ஊருக்கு ஓர் 'அரபுப் பிரச்னை' இருப்பதாக அச்சடித்திருந்தார். பார்க்குகளோடு சேர்த்து மனிதர்களும் ஒரு பிரச்னை! அவர் தோற்றிருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஜெயித்தார். அதற்குப் பின்னும் பல முறை ஜெயித்தார். அதே ஊர் 2021-ல் லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அப்துல்லா ஹமூத் என்ற 31 வயது இளைஞரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஊரின் முதல் அரபு மேயர், முதல் முஸ்லிம் மேயர் அவர்தான்.

முப்பத்தாறு வருடத்தில் என்ன நடந்தது? மனசு மாறியதுதான் காரணம் என்று எழுதினால் படிக்க இதமாக இருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. ஓட்டும் மாறியது. சுமார் 1,10,000 பேர் வாழும் அந்த ஊரில் இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் மேற்காசிய, வட ஆப்பிரிக்க வேர் கொண்டவர்கள். எண்ணிக்கை கூடினால் மரியாதையும் கூடும். நம் ஊர் அரசியல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டும் கூடினால் சண்டையும் கூடியிருக்கலாம். அப்படி ஆகாமல் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1971-ல் சில தன்னார்வலர்கள் ஒரு சின்னக் கடையில் 'ஆக்சஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது, ஃபாரம் நிரப்பிக்கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூடப்போவது. அவ்வளவுதான் ஆரம்பம். அந்த அமைப்புதான் பின்னால் 2005-ல், அப்போதைய நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே அரபு அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்தது. 'எங்களைப் பற்றித் தெரியாதா? உள்ளே வாருங்கள், கேளுங்கள்' என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

இந்த மாதம் இதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. அரபு உலகமும் அமெரிக்காவும் செய்தியில் ஒன்றாக வந்தாலே, ஒன்று குண்டு, இல்லை எண்ணெய் விலை. நமக்கும் அந்த இரண்டையும் தாண்டி எதுவும் தெரிவதில்லை. ஆனால் அந்த இரண்டு சமூகமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முயன்ற கதை நூற்றைம்பது வருடப் பழசு. அதில் ஜெயித்ததும் உண்டு, சொதப்பியதும் உண்டு. சொதப்பியதில்தான் நமக்குப் பாடம் அதிகம்.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. அரபு மக்கள் எல்லோரும் முஸ்லிம்கள் இல்லை. முஸ்லிம்கள் எல்லோரும் அரபு மக்களும் இல்லை. ஈரானியர்களும் துருக்கியர்களும் அரபு இனத்தவர் அல்ல. அரபு லீக்கில் 22 நாடுகள். மொராக்கோ பாட்டி சமைப்பதை ஓமன் பாட்டி பார்த்தால், 'இது என்ன சமையல்?' என்றுதான் கேட்பார்.

அமெரிக்காவுக்கு முதலில் போன அரபு மக்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1880-களிலிருந்து, ஒட்டோமான் ஆட்சியில் இருந்த லெபனான் மலைப்பகுதியிலிருந்தும் சிரியாவிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்கோடியில் வாஷிங்டன் தெருவைச் சுற்றி 'லிட்டில் சிரியா' உருவானது. அங்கே மொத்த வியாபாரிகளிடம் சரக்கு வாங்கி, பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்றார்கள். ஊசி, நூல், பட்டன், லேஸ், ஜெபமாலை. பெண்களும் விற்கப் போனார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீடே ஒரு மைல் தள்ளி இருக்கும் ஒரு பண்ணை வீட்டின் சமையலறைக் கதவை, பாஷை தெரியாத ஒருவர் தட்டுகிறார். வீட்டம்மா கதவைத் திறக்கிறார். பெட்டி திறக்கப்படுகிறது. பேரம் நடக்கிறது. இருட்டிவிட்டால் சில வீடுகளில் ராத்தங்க இடமும் கிடைத்தது. அமெரிக்கக் குடும்பங்களும் அரபு மக்களும் சாதாரண மனிதர்களாகப் பேசிக்கொண்டதன் ஆரம்பம் அந்தச் சமையலறை வாசல்தான். எந்த அரசாங்கமும் ஏற்பாடு செய்யவில்லை. எந்தத் தூதரகமும் செலவு செய்யவில்லை.

லிட்டில் சிரியா இப்போது இல்லை. 1940-களில் சுரங்கச் சாலைக்காகப் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தலைமுறையில் 12 வயதில் பாஸ்டனில் வந்து குடியேறிய ஒரு பையன்தான் கலீல் ஜிப்ரான். 1923-ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'தீர்க்கதரிசி' நம் தமிழ் வீடுகளின் புத்தக அலமாரி வரைக்கும் வந்திருக்கிறது.

இன்னொரு குடும்பத்துப் பிள்ளை டேனி தாமஸ். லெபனானிலிருந்து வந்தவர்களின் மகன். டி.வி. நகைச்சுவை நடிகராகப் பெரிய பெயர் எடுத்தார். குழந்தைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட ஆசைப்பட்டு, 1957-ல் தன்னைப் போன்ற அரபு வம்சாவளிக் குடும்பங்களைக் கூட்டி, 'இந்த நாடு நமக்கு வாழ்வு கொடுத்தது, நாம் என்ன திருப்பிக் கொடுக்கப்போகிறோம்?' என்ற பொருளில் பேசிப் பணம் திரட்டினார். மெம்ஃபிஸ் நகரில் 1962-ல் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி திறந்தது. கறுப்பினக் குழந்தைக்கும் வெள்ளைக் குழந்தைக்கும் தனித்தனி வாசல் இருந்த தென் மாநிலத்து ஊர் அது. அங்கே எல்லாக் குழந்தைக்கும் ஒரே வாசல். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரி இன்றுவரை எந்தக் குடும்பத்துக்கும் பில் அனுப்புவதில்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் என்றால் என்ன என்று அங்கே பிள்ளைகள் இருக்கும் வாசகர்களைக் கேட்டால் சொல்வார்கள்!

இவ்வளவு இருந்தும், ஒரு சாதாரண அமெரிக்கக் குழந்தையின் மனசில் அரபு மனிதர் என்றால் என்ன உருவம் வரும்?

ஜாக் ஷாஹீன் என்ற பேராசிரியர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பென்சில்வேனியாவில் லெபனான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1970-களின் நடுவில் ஒரு நாள், அவருடைய இரண்டு சின்னக் குழந்தைகள் டி.வி.யில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அப்பாவிடம் ஓடிவந்து, கெட்ட அரபுக்காரர்களைக் காட்டுகிறார்கள் என்று சொன்னார்கள். தாத்தா பாட்டி ஊர் மனிதர்கள் கார்ட்டூனில் வில்லன். எந்த அப்பாவுக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

அவர் டி.வி.யை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 900-க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களைப் பார்த்து, அவற்றில் அரபு மனிதர்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று 2001-ல் புத்தகம் போட்டார். பணக்கார ஷேக், குண்டு வைப்பவன், முகம் மூடிய பெண். மனிதராகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு. அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. சினிமாக்காரர்களைத் திட்டிவிட்டு ஒதுங்காமல், அவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஓரிரு முக்கியமான படங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

1992-ல் வந்த டிஸ்னியின் 'அலாதின்' ஞாபகம் இருக்கிறதா? நம் பிள்ளைகளும் பார்த்து வளர்ந்த படம்தான். அதன் முதல் பாட்டில், அரபு நாட்டில் முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடுவார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அரபு அமெரிக்கர்கள் முறையிட்டார்கள். 1993-ல் வீடியோ வந்தபோது அந்த வரி மாறியது. அந்த ஊரையே காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் இன்னொரு வார்த்தை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 2019-ல் புதிய படம் வந்தபோதுதான் அதுவும் போனது. ஒரு பாட்டைச் சரிசெய்ய 27 வருடம்! நம் தமிழ் சினிமா இந்த விஷயத்தில் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு பெரிய சொதப்பலுக்கு வருவோம்.

2001 செப்டம்பர் 11. விமானங்களைக் கடத்திய 19 பேரும் அரபு நாட்டவர்கள். அவர்களில் 15 பேர் சவுதிக்காரர்கள். அமெரிக்கா அதிர்ந்துபோய் நின்றது. 'நம்மை ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள்?' என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் தேட வேண்டிய அரசாங்கம் என்ன செய்தது? விளம்பர உலகில் ராணியாக இருந்த சார்லட் பீர்ஸ் என்ற பெண்மணியை வெளியுறவுத் துறைக்குக் கொண்டுவந்தது. அவர் பெரிய விளம்பரக் கம்பெனிகளுக்குத் தலைமை வகித்தவர். கெட்டிக்காரர். சந்தேகமே இல்லை.

சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் ஒரு விளம்பர வரிசை தயாரானது. அமெரிக்காவில் நிம்மதியாக வாழும் முஸ்லிம்கள் அதில் வந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பேக்கரிக்காரர், ஒரு டாக்டர். 'எங்களை இங்கே நன்றாக நடத்துகிறார்கள்' என்று சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் நிஜ மனிதர்கள். 2002-ல் ரமலான் சமயத்தில் ஒளிபரப்பத் திட்டம். எகிப்து, ஜோர்டான், லெபனான் அரசு டி.வி.க்கள் போட மறுத்துவிட்டன. போட்ட இடங்களிலும் எடுபடவில்லை. 2003 மார்ச்சில் அந்த அம்மையார் பதவி விலகினார்.

ஏன் எடுபடவில்லை? அரபு வீடுகளில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. 'உங்கள் ஊரில் முஸ்லிம்கள் எப்படி இருக்கிறார்கள்?' என்று யாரும் கேட்கவில்லை. 'பாலஸ்தீனத்தில் நடப்பதற்கு என்ன பதில்? ஈராக்கைத் தாக்கப்போகிறீர்களா?' என்று கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததற்கு வண்ணமயமான பதில். நம் கல்யாணத் தரகர் நினைவுக்கு வருகிறார். பெண் வீட்டார் 'பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டோமே?' என்று கேட்டால், 'பையன் வெற்றிலைகூடப் போட மாட்டான்ங்க' என்று பதில் சொல்வார் பாருங்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தச் சம்பந்தம் முடியுமா?

விளம்பரம் ஒருவழிப் பாதை. எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்க வழியில்லை. திருப்பிக் கேட்க வழியில்லாத பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதில் நம்பிக்கை வராது. குடும்பத்தில் வராது, நாடுகளுக்கு இடையில் மட்டும் எப்படி வரும்?

அதே 2002-ல் அதே அமெரிக்கா இன்னொன்றும் தொடங்கியது. அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. முஸ்லிம்கள் அதிகமாக வாழும் நாடுகளிலிருந்து பள்ளி மாணவர்களை அழைத்து, ஒரு கல்வியாண்டு முழுக்க அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கவைத்து, உள்ளூர்ப் பள்ளியில் படிக்கவைக்கும் திட்டம். 'யெஸ்' என்று பெயர். கென்னடி என்ற ஜனநாயகக் கட்சிக்காரர், லூகர் என்ற குடியரசுக் கட்சிக்காரர், இரண்டு செனட்டர்களின் பெயரும் அதில் உண்டு. அரபு நாடுகளோடு மற்ற பல நாடுகளிலிருந்தும், இந்தியாவிலிருந்தும்கூட மாணவர்கள் போயிருக்கிறார்கள். பின்னால் அமெரிக்க மாணவர்களை ஜோர்டான், மொராக்கோ வீடுகளுக்கு அனுப்புவதும் சேர்ந்துகொண்டது.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம், பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான். சாப்பாடு போட்டு, படுக்கை கொடுத்து, ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். பத்து மாதம்! நம் வீட்டில் சொந்தக்காரப் பையன் பத்து நாள் தங்கினாலே முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும்.

அந்தப் பத்து மாதத்தில் என்னவெல்லாம் கேட்டுக்கொள்வார்கள்! 'உங்கள் ஊரில் ஒட்டகத்திலா ஸ்கூலுக்குப் போவீர்கள்?' என்று இந்தப் பக்கம். 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? வயதான அம்மா அப்பாவை ஏன் தனியாக விடுகிறீர்கள்?' என்று அந்தப் பக்கம். முதல் மாதம் இதெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும். நாலாவது மாதம் கூச்சம் போய்விடும். அப்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். ஈராக் போர் ஏன்? பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றீர்களே, எங்கே? இரட்டைக் கோபுரம் விழுந்தபோது உங்கள் தெருவில் என்ன பேசினார்கள்? அக்கா தலையில் துணி போடுவது அவள் விருப்பமா, அப்பா விருப்பமா?

இவை கசக்கும் கேள்விகள். ஆனால் ராத்திரி தட்டு கழுவும்போது கேட்கப்படும் கேள்விக்கு யாரும் அறிக்கை வாசிக்க முடியாது. 'எனக்கும் தெரியலை' என்றுதான் பல நேரம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதிலை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று உண்டு. கெர் குடும்பம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு, அனாதையாகிப்போன ஆர்மீனியக் குழந்தைகளைக் காப்பாற்றும் நிவாரண வேலைக்காக மேற்காசியப் பக்கம் போனவர் ஸ்டான்லி கெர் என்ற அமெரிக்கர். பிறகு பெய்ரூட்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அது 1866-ல் மிஷனரிகள் தொடங்கிய கல்லூரி. மதம் பரப்பப் போனவர்கள் கடைசியில் டாக்டர்களையும் எழுத்தாளர்களையும் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1882-ல் ஒரு பேராசிரியர் டார்வினைப் பாராட்டி அரபியில் பேசியதற்காக வேலையை விட்டுப் போக நேர்ந்தது. உடனே மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்துப் போராடினார்கள். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தால் முதல் கேள்வி நம்மை நோக்கித்தான் வரும் என்பதை நிர்வாகம் அன்று கற்றுக்கொண்டிருக்கும்!

ஸ்டான்லியின் மகன் மால்கம் பெய்ரூட்டிலேயே பிறந்தார். 1954-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வருடம் படிக்க அங்கே வந்த ஆன் என்ற பெண்ணைச் சந்தித்தார். கல்யாணம் ஆனது. நான்கு குழந்தைகள். மால்கம் அரபு அரசியலில் பெரிய அறிஞர் என்று பெயர் எடுத்தார். 1982-ல், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த பெய்ரூட்டில், அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரைக் கடத்திக்கொண்டு போயிருந்தார்கள். தெரிந்தேதான் போனார். 1984 ஜனவரி 18-ம் தேதி, அவருடைய அலுவலகத்தின் வாசலிலேயே இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள்.

அரபு மக்களைப் புரிந்துகொள்ள வாழ்நாளைக் கொடுத்தவரை அதே மண்ணில் கொன்றார்கள். அந்தக் குடும்பத்துக்கு வெறுக்கக் காரணம் வேண்டுமா? அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்க முடியுமா?

ஆன் கெர் என்ன செய்தார்? கெய்ரோவில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போய்ப் பாடம் நடத்தினார். பிறகு கலிஃபோர்னியாவில், வெளிநாடுகளிலிருந்து வரும் ஃபுல்பிரைட் அறிஞர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றுப் பல வருடங்கள் பார்த்தார்.

அப்பா கொல்லப்பட்டபோது மகன் ஸ்டீவ் கெருக்கு வயது 18. அரிசோனாவில் கல்லூரி முதல் வருடம், கூடைப்பந்து வீரர். நாலு வருடம் கழித்து, 1988-ல், எதிரணியின் ஊரில் ஆடப் போனபோது, கூட்டத்தில் சிலர் 'பி.எல்.ஓ... பி.எல்.ஓ...' என்று, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயரைக் கத்தினார்கள். அப்பா செத்ததைச் சொல்லிக் கேலி செய்தார்கள். கத்தியது அரபு மக்கள் இல்லை. சொந்த நாட்டு மாணவர்கள். அவர் அழுதுவிட்டு, ஆடப் போனார். முதல் பாதியிலேயே தூரத்திலிருந்து எறிந்த ஆறு பந்தும் கூடைக்குள் விழுந்தது. இன்று அவர் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் கோச்.

2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் நாட்டவர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை வந்தபோது, அவரிடம் கருத்துக் கேட்டார்கள். பயங்கரவாதத்துக்குத் தந்தையைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மனிதர்களை விரட்டுவது பயங்கரவாதத்தை ஒழிக்கும் வழியே இல்லை என்ற பொருளில் பேசினார். அவர் பெய்ரூட்டில் பிறந்து, கெய்ரோவில் பள்ளிக்குப் போனவர். அங்கே நிஜமான முகங்களைப் பார்த்து வளர்ந்தவர். கொன்றவர்கள் இரண்டு பேர் என்று அவரால் எண்ண முடிந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு முழு இனமாகத் தெரிந்தது.

இப்படிப் பேசிப் பழகுவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் இன்று எங்கே பார்த்தாலும் ஹம்முஸ் டப்பா. சாப்பிட்டதால் யாருடைய வெளியுறவுக் கொள்கையும் மாறவில்லை. காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது கலாசாரப் பரிமாற்றம் பற்றிப் பேசினால், ஓர் அரபுத் தாய்க்கு எரிச்சல்தான் வரும். நியாயமான எரிச்சல். புரிதல் என்றால் ஒத்துப்போவது என்று நாம்தான் குழப்பிக்கொள்கிறோம். எதிரே இருப்பவர் ஏன் கோபமாக இருக்கிறார் என்று, அவர் சொல்லும் வார்த்தையிலேயே சொல்லத் தெரிந்தால், அது புரிதல். அதற்குப் பிறகும் சண்டை போடலாம். ஆனால் அப்போது நிஜ மனிதரோடு சண்டை போடுவோம், கார்ட்டூன் வில்லனோடு இல்லை.

'சரிங்க, அவங்க ரெண்டு பேர் விவகாரம். நமக்கென்ன?' என்கிறீர்களா?

2001 செப்டம்பர் 15. அரிசோனாவில் மேசா என்ற ஊர். பல்பீர் சிங் சோதி என்ற பஞ்சாபி சீக்கியர் தன்னுடைய பெட்ரோல் பங்க் வாசலில் பூச்செடி நடும் வேலையில் இருந்தார். டர்பனையும் தாடியையும் பார்த்து, 'அரபு முஸ்லிம்' என்று நினைத்து ஒருவன் சுட்டுக் கொன்றான். நம் நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர். அவருக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? 15 வருடம் கழித்து, 2016-ல், பல்பீரின் தம்பி சிறையில் இருந்த அந்தக் கொலையாளியோடு ஃபோனில் பேசினார். அவன் மன்னிப்புக் கேட்டான். இவர் மன்னித்தார். கேட்கும்போதே நமக்குத் தொண்டை அடைக்கிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் வாசகர் வீடுகளில் ஒரு பிள்ளை ஷார்ஜாவில், இன்னொரு பிள்ளை டெக்சாஸில் என்பது இன்று சர்வசாதாரணம். இரண்டு இடத்திலிருந்தும் வீடியோ கால் வருகிறது. 'சாப்டியா? அங்க மணி என்ன? அடுத்த லீவுக்கு எப்ப வர்றே?' இதைத் தாண்டி என்ன கேட்கிறோம்? ஷார்ஜாவில் இருபது வருடம் வேலை பார்த்தவர் ஓர் அரபு வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டிருக்கிறாரா? முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிவைத்துக்கொண்டது நியாயமா என்று எந்த அரபு நண்பரிடமாவது கேட்டதுண்டா? டெக்சாஸ் மகனுக்குப் பக்கத்து வீட்டு அமெரிக்கர் பெயர் தெரியுமா? அந்த அமெரிக்கருக்கு நம் பையன் இந்தியனா அரபியா என்றாவது தெரியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமலேயே, அரபு மக்களைப் பற்றியும் அமெரிக்கர்களைப் பற்றியும் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையும் மாலையும் எத்தனை ஃபார்வர்டு! இரண்டு பக்கத்து ஜனங்களையும் பற்றி இவ்வளவு எழுதும் நமக்கு, அங்கே அனுப்பிவைத்த பிள்ளைகளையே கேட்கத் தோன்றுவதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வளைகுடா நாடுகளிலோ அமெரிக்காவிலோ வாழ்ந்தவர்கள், வாழ்கிறவர்கள் இருந்தால், அடுத்த வீடியோ காலில் இரண்டு விஷயம் கேளுங்கள். அங்கத்திய மனிதர்கள் உங்களிடம் கேட்ட சங்கடமான கேள்வி என்ன? நீங்கள் அவர்களிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டது என்ன? பதிலை ஒரு பக்கத்துக்குள் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். கசப்பான அனுபவமாக இருந்தாலும் பரவாயில்லை, கம்பெனிப் பெயரையும் ஆள் பெயரையும் மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல அனுபவமாக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். நான் மேலே எழுதியதோடு ஒத்துப்போகாத கடிதங்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்